சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு வீட்டிலிருந்தே ஆயத்தமாவது



தோட்டப்புறப் பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பிள்ளை வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்கிறது. அதற்கு நுழைவுத் தேர்வு இருக்கிறதாம். டியூசனுக்கே ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவாகுமாம். நமக்கெல்லாம் கட்டுப்படியாகுமா?" என்பார்கள். இன்றைய உரையில் இந்தக் கேள்விக்கே விடை காண முயல்வோம்.

முதலில், தோட்டப்புறத்தில் சட்டம் படித்த ஒருவர் இருப்பதால் என்ன பயன் என்பதைப் பார்ப்போம். வேலையிலிருந்து நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் ஒருவர், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட வேண்டும் என்று 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் கூறுகிறது. அறுபது நாள் கடந்துவிட்டால், கையில் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு அடைபட்டுவிடும். வேலை நீக்கக் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாமல் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வருகிறவர்களை நாம் அறிவோம். குடியிருப்பு வசதிகளின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றி 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே லயத்தில் குடியிருந்தவர்களில் பலருக்குத் தெரியாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமாகட்டும், பிறப்புப் பத்திரத்தில் உள்ள பிழையாகட்டும், எல்லாமே சட்டத்தின் வாசலில் போய்த்தான் நிற்கின்றன. அந்த வாசலுக்குள் நுழைந்தவர் நம்மிடையே ஒருவராவது இருப்பது வீண் பெருமைக்கான காரியமன்று.

இனி, வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படிப்பதற்கு நாடளாவிய தனி எழுத்துத் தேர்வு என்று ஒன்றில்லை. எஸ்.டி.பி.எம். போன்ற தேர்வின் புள்ளிகள், 1999இல் அறிமுகமான மூவெட் என்னும் ஆங்கிலத் தேர்வின் நிலை, சில இடங்களில் நேர்முகத் தேர்வு ஆகியவற்றைக் கொண்டு தேர்ந்தெடுப்பார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை 1972இல் தொடங்கியது. தேசியப் பல்கலைக்கழகம், வட மலேசியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் சட்டம் கற்பிக்கப்படுகிறது. பட்டம் பெற்றபின் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் பயிற்சி பெற்று, பிறகு நீதிமன்றத்தில் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும். வெளிநாட்டில் பட்டம் வாங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் சி.எல்.பி. என்னும் தேர்வையும் தாண்டியாக வேண்டும். 1984முதல் அது நடைபெற்று வருகிறது.

நுழைவுத் தேர்வு என்று மக்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கான எல்நாட் தேர்வைத்தான். இது 2004இல் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டர்ஹம், பிரிஸ்டல், லண்டனிலுள்ள கிங்ஸ் கல்லூரி முதலிய இடங்களில் சட்டம் படிக்க விண்ணப்பிப்போர் இதை எழுத வேண்டும். எல்லாப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களும் இதைக் கேட்பதில்லை. கேட்கும் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் மாறக்கூடியது. அமெரிக்காவில் இதைப்போலவே எல்சாட் என்று ஒன்று 1948முதல் நடந்து வருகிறது. அங்கே சட்டக்கல்லூரியில் நுழைவதற்கு முன்பே வேறொரு பட்டம் பெற்றிருக்க வேண்டும். அந்தத் தேர்வில் புதிர்க்கணக்குப் போன்ற ஒரு பகுதி நெடுங்காலம் இருந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கும் வாதத்தை ஆராய்வதும் வாசித்துப் புரிந்துகொள்வதுமே முக்கியம்.

நாம் எல்நாட் தேர்வையே எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு பகுதிகள். முதற்பகுதியில் 12 உரைப்பகுதிகள் தந்து, அவற்றின்மீது 42 வினாக்கள் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும். சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் 95 நிமிடம். இரண்டாம் பகுதியில் மூன்று தலைப்புகளில் ஒன்றைப் பற்றி 40 நிமிடத்தில் கட்டுரை எழுத வேண்டும். எல்லாம் கணினியில்தான்.

நேயர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். இந்தத் தேர்வில் சட்டத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது. எந்தச் சட்டப் பிரிவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பாடத்திட்டம் என்று அச்சிட்ட நூலும் இல்லை. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே புரிந்துகொள்ளத் தெரிகிறதா, ஒரு வாதத்தில் எந்த இடம் பலம், எந்த இடம் ஓட்டை என்று சொல்லத் தெரிகிறதா என்பதைத்தான் சோதிக்கிறார்கள். ஆகவேதான் வீட்டிலிருந்தே ஆயத்தமாக முடியும் என்று சொல்கிறோம். அமெரிக்க அதிபராயிருந்த ஆபிரகாம் லிங்கன் எந்தச் சட்டக்கல்லூரியிலும் படித்தவரல்லர். சட்ட நூல்களை இரவல் வாங்கித் தாமே படித்து, 1836இல் வழக்கறிஞராகும் உரிமையைப் பெற்றார். அந்தக் காலம் வேறு, இந்தக் காலம் வேறு என்பது உண்மைதான். ஆனால், வாசிப்பதும் யோசிப்பதும் இன்றும் அதே வேலைதான்.

வாதத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? ஓர் எடுத்துக்காட்டைக் கவனியுங்கள். பத்திரிகையில் ஒருவர் இப்படிக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "தோட்டப் பாதையில் பேருந்தை நிறுத்தியது சரியே. நாளொன்றுக்குப் பத்துப் பேர்கூட அதில் ஏறவில்லை. ஆகவே அங்குள்ள மக்களுக்குப் பேருந்து தேவையில்லை என்பது தெளிவு."

முதல் வேலை, இவர் எதை நிலைநாட்ட வருகிறார் என்று காண்பது. பேருந்தை நிறுத்தியது சரி என்பதே அவர் முடிவு. பத்துப் பேர்கூட ஏறவில்லை என்பது அதற்கு அவர் காட்டும் காரணம். முடிவு எப்போதும் கடைசியில்தான் வரும் என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். இங்கே முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது பாருங்கள். "ஆகவே" என்ற சொல் கடைசி வாக்கியத்தில் இருந்தாலும், அது நடுவிலுள்ள ஒரு படிதான்.

அடுத்த வேலை, அவர் சொல்லாமலே நம்பியிருப்பது என்ன என்று தேடுவது. தேர்வில் ஐந்து விடைகள் இப்படி வரலாம். பேருந்து நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறது என்பது ஒன்று. அந்தத் தோட்டத்தில் யாருக்குமே ஒருபோதும் பட்டணத்துக்குப் போக வேண்டியதில்லை என்பது இரண்டாவது. தேவை இருந்திருந்தால் மக்கள் அந்தப் பேருந்தில் ஏறியிருப்பார்கள் என்பது மூன்றாவது. எல்லாரிடமும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்பது நான்காவது. மீண்டும் பேருந்து விட்டால் கூட்டம் ஏறும் என்பது ஐந்தாவது.

பிள்ளைகள் பெரும்பாலும் முதலாவதைத் தொடுவார்கள். நட்டம் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் கடிதம் எழுதியவர் அதைப் பேசவே இல்லை. நமக்கு வெளியில் தெரிந்ததைக் கொண்டுபோய் உரைப்பகுதிக்குள் நுழைப்பது இந்தத் தேர்வில் பெரிய பிழை. இரண்டாவது, தேவைக்கு மிஞ்சிய சொல். "யாருக்குமே", "ஒருபோதும்", "எல்லாரும்" என்று வந்தால் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவு தூரம் அவர் போகவில்லை. ஐந்தாவது, அவருக்கே எதிரான பேச்சு.

மூன்றாவதே சரி. அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்த விடையை மறுத்துப் பாருங்கள். "தேவை இருந்தும் மக்கள் அந்தப் பேருந்தில் ஏறவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்கூடம்; பேருந்தோ ஒன்பது மணிக்கு வருகிறது. எப்படி ஏறுவார்கள்? உடனே அவருடைய வாதம் சரிந்து விழுகிறது. நான்காவதை மறுத்துப் பாருங்கள். "எல்லாரிடமும் மோட்டார் சைக்கிள் இல்லை." சரி, இல்லாவிட்டால் நடந்து போவார்கள், வாடகை வண்டியில் போவார்கள், வாதம் அப்படியேதான் நிற்கிறது. எதை மறுத்தால் கட்டடம் விழுகிறதோ அதுவே அடிக்கல். இந்த ஒரு முறையை நன்றாகப் பழகிவிட்டாலே கேள்விகளில் ஒரு பெரும்பகுதி அச்சம் தராது.

இன்னொன்று சொல்ல விரும்புகிறோம். இது தமிழிலேயே விளங்கக்கூடியது. "மாதம் 26 நாள் வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் ஊக்கத்தொகை" என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறது. 26 நாளும் வந்த ஒருவர், "எனக்கு ஏன் தரவில்லை?" என்று சம்பள நாளில் கிராணியிடம் சண்டை போடுகிறார். அறிவிப்பு என்ன சொன்னது? 26 நாளுக்குக் குறைந்தவர்களுக்குக் கிடைக்காது என்றது. 26 நாள் வந்த எல்லாருக்கும் கிடைக்கும் என்று அது சொல்லவில்லை. வேறு நிபந்தனையும் இருக்கக்கூடும். "வந்தவர்களுக்கு ஊக்கத்தொகை உண்டு" என்பதும், "வந்தவர்களுக்குத்தான் ஊக்கத்தொகை" என்பதும் வேறு வேறு. 'தான்' என்னும் அந்தச் சின்னச் சொல்லில் எத்தனை குடும்பத்தின் பால்மாவுக் காசு அடங்கியிருக்கிறது! ஆங்கிலத்திலும் இதே வேலையைச் செய்யும் சின்னச் சின்னச் சொற்கள் உண்டு. அவற்றைக் கண்டால் பென்சிலால் அடிக்கோடிடப் பழக வேண்டும்.

முன்னும் பின்னும் நடந்ததால் ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று சொல்லிவிடும் வாதமும் அடிக்கடி வரும். பள்ளியில் கணினி வாங்கினார்கள், அடுத்த ஆண்டு தேர்ச்சி கூடியது, ஆகவே கணினியால்தான் கூடியது என்பது போல. அந்த ஆண்டு வகுப்பிலிருந்த பிள்ளைகளே கெட்டிக்காரர்களாக இருந்திருக்கலாமே!

இனி, ஆங்கிலம். இங்கே நாம் ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய பிள்ளைக்கு உண்மையான மலை இதுதான், தர்க்கமன்று. உரைப்பகுதிகள் நல்ல ஆங்கிலப் பத்திரிகைகளின் தலையங்கம் போன்ற நடையில் இருக்கும். இதை மூன்று மாதத்தில் தாண்ட முடியாது. நான்காம் படிவத்திலிருந்தே தொடங்க வேண்டும். நாள்தோறும் ஒரே ஒரு தலையங்கமோ கருத்துக் கட்டுரையோ போதும். பள்ளி நூலகத்தில் பழைய நாளிதழ் கிடைக்கும். இன்று கைத்தொலைபேசியிலும் படிக்கலாம். படித்து முடித்ததும் ஒவ்வொரு பத்திக்கும் தமிழில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். எழுத வரவில்லையென்றால் பத்தி புரியவில்லை என்று பொருள். திரும்பப் படிக்க வேண்டும். தாய்மொழியில் சொல்லிப் பார்ப்பதைச் சிலர் ஆங்கிலத்துக்குத் தடை என்பார்கள். நாம் அதை ஏற்கவில்லை. புரிந்ததா இல்லையா என்பதைத் தாய்மொழியைப்போல் வேறெதுவும் காட்டிக்கொடுக்காது.

இரண்டு நோட்டுப் புத்தகங்கள் வேண்டும். ஒன்று புதிய சொற்களுக்கு. சொல்லை மட்டும் எழுதினால் பயனில்லை; அது வந்த வாக்கியத்தோடு எழுத வேண்டும். மற்றது தவறுகளுக்கு. பயிற்சியில் ஒரு விடை தவறிப்போனால், "சரியான விடை மூன்று" என்று குறித்துவிட்டு நகரக்கூடாது. தவறான விடை ஏன் சரியானதுபோலத் தோன்றியது என்று இரண்டு வரி எழுத வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்தோமா, மிஞ்சிய சொல்லைக் கவனிக்கவில்லையா, முடிவையே மாற்றிப் புரிந்துகொண்டோமா? ஐம்பது தவறுகளை இப்படி எழுதினால், ஒரே மாதிரியான தவறு திரும்பத் திரும்ப வருவது பிள்ளைக்கே தெரிந்துவிடும். பணம் வாங்கிக்கொண்டு கற்பிப்பவரும் இதைத்தான் காட்டப்போகிறார்.

தேர்வை நடத்துகிறவர்களே மாதிரித் தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அவை சிலவே. ஆகையால், ஆசையில் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் செய்து தீர்த்துவிடக்கூடாது. முதல் சில மாதங்கள் நேரம் பாராமல், தலையங்கங்களை வைத்தே வாதத்தைப் பிரித்துப் பழக வேண்டும். பிறகு, ஒரு மாதிரித் தாளை நிதானமாகச் செய்து பார்க்கலாம். தேர்வு நெருங்கும்போது, அலாரக் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, 95 நிமிடத்துக்குள் மற்றதை முடிக்க வேண்டும். ஓர் உரைப்பகுதிக்கும் அதன் வினாக்களுக்கும் ஏறக்குறைய எட்டு நிமிடம் வரும். தவறான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. ஆகவே எதையும் வெறுமையாக விட வேண்டாம். திரையில் நீண்ட நேரம் படிப்பதும் ஒரு பழக்கம். பள்ளிக் கணினி அறையில் ஆசிரியரின் அனுமதி கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

கட்டுரைக்கு வருவோம். 500 முதல் 600 சொற்கள் வரை போதும் என்கிறார்கள். 750 சொற்களுக்கு மேல் ஏற்பதில்லை. அழகான தொடக்கம், மேற்கோள், பழமொழி இவற்றையெல்லாம் நம் பள்ளிக் கட்டுரைகளில் நாமே கற்பித்துவிட்டோம். இங்கே அவை எடுபடா. "வாக்களிப்பதைக் கட்டாயமாக்க வேண்டுமா?" என்பது போன்ற ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் எழுதாமல், எந்தப் பக்கம் நிற்கப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் பக்கத்துச் சிங்கப்பூரிலும் வாக்களிப்பது கட்டாயம். நம் நாட்டில் கட்டாயமில்லை; ஆனால் 2021 டிசம்பர் முதல் வாக்களிக்கும் வயது 18 ஆயிற்று, பெயரும் தானாகவே பட்டியலில் சேருகிறது. இத்தகைய செய்திகள் கைவசம் இருந்தால் கட்டுரைக்கு எலும்பு கிடைத்துவிடும். பிறகு, எதிர்த்தரப்பின் மிகப் பலமான காரணத்தை எடுத்து விடை சொல்ல வேண்டும். பலவீனமானதை எடுத்து அடிப்பது சுலபம். படிப்பவர் அதை உடனே கண்டுகொள்வார்.

இந்த இடத்தில்தான் பெற்றோரின் உதவி வருகிறது. "எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் எப்படி உதவுவது?" என்று எண்ண வேண்டாம். இரவுச் சாப்பாட்டின்போது, அன்று படித்த கட்டுரையைப் பிள்ளை தமிழில் சொல்லட்டும். நீங்கள் எதிர்த்துப் பேசுங்கள். "அது எப்படி? நம்ம தோட்டத்திலே அப்படி இல்லையே!" என்று கேளுங்கள். சம்பளத்துக்கும் நிறைக்கும் தண்டலோடு வாதாடிப் பழகிய தாய்மார்களுக்கு வாதத்தின் ஓட்டையைக் காண யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன்பின் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி வையுங்கள். வீட்டில் இடமில்லையென்றால் கோயில் மண்டபமோ பள்ளியோ உண்டு. மூன்று பேர் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது.

ஒரு பேச்சு இடையில். படிக்கிற பையனை "தொந்தரவு செய்யாதே" என்று விட்டுவிட்டு, படிக்கிற பெண்ணை மட்டும் பாத்திரம் கழுவக் கூப்பிடும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் பெண் வழக்கறிஞராக வந்தால், முதல் வழக்கை வீட்டின்மீதே தொடுக்க வேண்டியிருக்கும்!

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. தேர்வுக்கு வீட்டிலிருந்து ஆயத்தமாகலாம். ஆனால் பிரிட்டனில் மூன்றாண்டு படிப்பதற்கு ஆகும் செலவு தோட்டத் தொழிலாளியின் வருமானத்தில் அடங்காது. உபகாரச் சம்பளம் உறுதியாகும் முன்னே நகையை அடகு வைப்பதையும், சேமநிதிப் பணத்தை எடுப்பதையும் நாம் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம். வெளிநாட்டுப் பட்டம் எல்லாமே இங்கு ஏற்கப்படுவதும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் சி.எல்.பி. எழுதத் தகுதியானது என்பதைச் சட்டத்தொழில் தகுதி வாரியத்திடம் முதலில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். முகவர் வாயால் சொல்வது போதாது.

நம் கருத்தில், பெரும்பாலான தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு உள்நாட்டுப் பல்கலைக்கழகமே நேரான வழி. அதற்காக மேலே சொன்ன பயிற்சி வீணாகாது. வாசித்துப் புரிந்துகொள்வது மூவெட்டுக்கு வேண்டும். ஒரு பக்கம் நின்று எதிர்வாதத்துக்குப் பதில் சொல்வது எஸ்.டி.பி.எம். கட்டுரைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் வேண்டும். மலாய்மொழியையும் கைவிடாதீர்கள். நம் நீதிமன்றங்களில் அது இல்லாமல் வேலை நடக்காது.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கத் துணிந்தவர்கள் நாட்காட்டியைக் கவனிக்க வேண்டும். எல்நாட் தேர்வை ஒரு பருவத்தில் ஒருமுறைதான் எழுதலாம். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு அக்டோபர் நடுவிலேயே கதவு அடைபடும். தேர்வு நிலையத்துக்கு நிழற்படத்துடன் கூடிய அடையாள ஆவணம் கொண்டுபோக வேண்டும். பதிவு செய்யும் பெயர் அந்த ஆவணத்திலுள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தோட்டப்புறப் பிள்ளைகளில் பலருக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறிய பெயர், பள்ளிப் பதிவேட்டில் இன்னொன்று என்று இருக்கின்றன. அதைத் திருத்தப் பதிவு இலாகாவில் மாதக்கணக்கில் ஆகலாம். ஆகையால், இன்று இரவே பெட்டியைத் திறந்து அந்தப் பத்திரங்களை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.